பத்மராணி வெட்டிய ஓரம்

பணிச்சீட்டு எண் 4417. நாள் 14 செப்டம்பர் 1998, திங்கட்கிழமை. வேலை: துணி ஓவியம் ஒன்றை மரச்சட்டத்தில் இழுத்துப் பூட்டுதல். முடிந்த அளவு அறுபது அங்குலத்துக்கு நாற்பத்தெட்டு. சிறப்புக் குறிப்புக்கென ஒதுக்கிய கட்டம் வெறுமையாக இருக்கிறது. அடியில் 'ப.வ.' என்று சுருக்கொப்பம்.

ஒப்பமிட்டவர் பத்மராணி வரதராஜா. ஹூஸ்டன் நகரின் ஹில்கிராஃப்ட் சாலையில், ஒரு மளிகைக் கடைக்கும் நகைக் கடைக்கும் இடையே இருந்த மயில்சாமியின் படச்சட்டக் கடையில் அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. பிறந்தது 1956இல், யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில். பதினேழு ஆண்டுகள் மனையியல் ஆசிரியை. தையல்தான் முக்கியப் பாடம். 1990 ஜூனில் போர் மூண்டு ஊரே எழுந்து வெளியேறியபோது வெளியேறி, ஐந்து வீடுகள் மாறி, 1995இல் கணவரோடு டெக்சாஸ் வந்தார். அடைக்கல மனு குடிவரவு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. நவம்பரில் விசாரணை. கையில் இருந்தது வேலை அனுமதி அட்டை மட்டும்.

மயில்சாமி கோயம்புத்தூர்க்காரர். அண்டை வீட்டுப் பெண்ணின் சேலைக்கு பத்மராணி ஃபால்ஸ் தைத்திருந்ததைப் பார்த்து, அந்தத் தையல் ஓட்டத்தின் நேர்த்திக்காகவே அவரை வேலைக்கு எடுத்ததாகச் சொல்வார். கடைக்கு வருபவை பெரும்பாலும் கல்யாணப் படங்கள், சாமி படங்கள், பட்டச் சான்றிதழ்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் சிறு காட்சிக்கூடம் தங்கள் வழக்கமான படச்சட்டக்காரர் கடையை மூடிவிட்டதால் இங்கே வந்தது, மயில்சாமிக்குப் பெரிய வாய்ப்பு.

ஓவியம் குழாயில் சுருட்டி வந்திருந்தது. விரித்ததும் பத்மராணி அளந்தார். ஒரு பக்கம் அறுபத்தாறு, மறுபக்கம் அறுபத்தைந்தேகால். அகலமும் ஒரு சீராக இல்லை. செம்மண், மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள் துணி முழுவதும் நிறைந்திருந்தன. இடப்பக்க ஓரத்தில் மட்டும் புள்ளிகள் மெலிந்து, வட்டங்கள் சிறுத்து, வண்ணம் துணியின் விளிம்பு வரை போயிருந்தது. தையல் ஆசிரியையின் கண் அதை ஒரே விதமாகத்தான் பார்த்தது. துணியில் தையலுக்கு விட்ட இடம். தூரிகை ஓடி நின்ற மிச்சம். உருவம் நடுவில் இருக்கிறது. ஓரம் மடிக்க, வெட்ட. சட்டத்துக்குப் பின்புறம் மடிப்பதற்கு வேண்டியதை விட்டுவிட்டு, எஃகு அளவுகோலை வைத்து, நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு நீளத் துண்டை அறுத்தெடுத்தார். ஐந்து நிமிட வேலை. முன்புறம் கச்சிதமாக, மூலைகள் கூர்மையாக நின்றன. மயில்சாமி சுற்றி வந்து பார்த்துப் பூரித்துப்போனார்.

ஒன்பது நாள் கழித்து, 23ஆம் தேதி புதன்கிழமை, காட்சிக்கூடத்தில் படத்தை மாட்டுவதற்காகப் போனார். அங்கிருந்த அலுவலர் ஒரு தாளைக் கொடுத்து, பின்பலகையில் ஒட்டச் சொன்னார். ஓவியத்தோடு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த விளக்கத் தாள் அது. ஓவியத்தின் கோட்டு வரைவு. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண். எண்களுக்கு நேரே இடப்பெயர்கள். பசையைத் தடவும் முன் பத்மராணி வழக்கம்போல் சரிபார்த்தார். தாளில் பதினொரு வட்டங்கள். ஓவியத்தில் ஒன்பது.

இரண்டாம் முறை எண்ணினார். பிறகு விரலை வைத்து மூன்றாம் முறை. பத்தும் பதினொன்றும் இடப்பக்க ஓரத்தில் இருக்கவேண்டியவை.

தாளின் பின்பக்கத்தை அப்போதுதான் படித்தார். அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்துப் பழங்குடிக் குலம் ஒன்றைச் சேர்ந்த நோரா என்ற பெண் தீட்டியது. வட்டங்கள் மணலுக்கு அடியில் நீர் நிற்கும் ஊற்றுகள். அவற்றை இணைக்கும் கோடு, குலத்தின் ஆதித் தாய்மார் பாடிக்கொண்டே நடந்த வழி. அந்தப் பாட்டையும் அந்த வட்டங்களையும் தீட்டும் உரிமை குலத்துப் பெண்களுக்கே உண்டு. வேறொருவர் தீட்டினால் அது திருட்டு. நிலம் அரசுடையது என்றும், அங்கே யாரும் வாழ்ந்ததற்குப் பத்திரம் இல்லை என்றும் பதிவேடுகள் சொல்லிவந்தன. பெண்கள் பதில் மனு எழுதவில்லை, தரையில் துணியை விரித்துத் தீட்டினார்கள். 'இது எங்கள் நாட்டின் படம் அல்ல. எங்கள் நாட்டை நாங்கள் வைத்திருக்கும் முறை இது' என்று தாள் முடிந்திருந்தது.

பத்மராணிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி பெண்ணுக்குத்தான் எழுதப்படும். உறுதிப் பத்திரத்தில் நான்கு எல்லைகளுக்குப் பிறகு கிணற்றில் இவ்வளவு பங்கு, கிணற்றுக்குப் போகும் பாதையில் இவ்வளவு பங்கு என்று தனியே குறிக்கப்படும். கிணற்று வரியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது காய்ந்த மண்.

குரலை அடக்கிக்கொண்டு அலுவலரிடம், இந்த ஓவியம் இங்கே எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டார். ஞாயிறு ஒரு நாள்தான் காட்சி என்றார் அலுவலர். நோராவும் அவருடைய கசினும் வெள்ளியன்று வருகிறார்கள். திங்களன்று ஓவியத்தோடு ஊர் திரும்புகிறார்கள். அக்டோபரில் நில உரிமை விசாரணையில் அதைச் சாட்சியமாக விரிக்கப்போகிறார்கள். சுரங்க நிறுவனமொன்று கேட்டிருப்பது மேற்குப் பக்கத்து இரண்டு ஊற்றுகளைச் சுற்றிய நிலத்தை.

"எந்த ரெண்டு?" என்று கேட்டார் பத்மராணி.

அலுவலர் தாளைப் பார்த்துச் சொன்னார். பத்து, பதினொன்று.

கடையில் வெட்டுத்துணிகளை எறிவதில்லை. சாமி படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கண்ணாடி மூலைகள் இடிபடாமலிருக்க அவற்றைத் துண்டாக்கிச் சுற்றிவிடுவார் மயில்சாமி. அன்றே கடைக்குத் திரும்பி வெட்டுத்துணிப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்த பத்மராணியிடம் அவர் சாவகாசமாகச் சொன்னார்.

"அந்தப் புள்ளி வெச்ச துணிங்களா? நேத்து சுகர் லேண்ட்ல அனந்தராமன் சாருக்கு முருகர் படம் டெலிவரி பண்ணினனுங்கள்ல, அதோட மூலைக்குச் சுத்தி வுட்டுட்டனுங்க. நல்ல கெட்டித் துணி."

"அது வெட்டுத்துணி இல்லை மயில்சாமி அண்ணை. அதுதான் படம்."

நடந்ததை அவர் சொல்லி முடித்ததும் மயில்சாமி கதவு வரை போய், வெளியே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அம்மிணி, இங்க பாருங்க. ஓரத்துல ரெண்டு வட்டம். யாரு எண்ணப் போறா? சொல்லிப்போட்டோம்னா என்ற கடைப் பேரு நாறிப் போயிரும். அந்த ஆர்டர் எல்லாம் கேன்சல் பண்ணிருவாங்க. லாயர் கீயர் வந்தா உங்க கேஸுக்கும் ஆகாதுங்க."

"அந்தாக்கள் எண்ணுவினம்."

"எண்ணட்டும். அவுங்க ஊர்ல எண்ணட்டுமே."

பத்மராணி கார்ச் சாவியை எடுத்தார். மாலை நான்கரை மணி, தென்மேற்கு ஃப்ரீவேயில் வேலை முடிந்து திரும்பும் வண்டிகள் அசையாமல் நின்றன. அந்த ஒன்றேகால் மணி நேரமும் ஸ்டியரிங்கில் தம் விரல்கள் பத்து, பதினொன்று என்று தட்டிக்கொண்டிருந்ததை அவர் வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தாராம்.

அனந்தராமன் எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளர். கதவைத் திறந்ததும் முகம் சுருங்கியது.

"என்னம்மா, படத்துல ஏதாவது டேமேஜா? பூஜையெல்லாம் பண்ணியாச்சே!"

"படம் நல்லா இருக்கு அங்கிள். அதைச் சுத்தின துணிதான் வேணும்."

"துணியா? அதுக்கா இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணிண்டு வந்தேள்? கராஜ்ல கார்பேஜ்ல போட்டாச்சு. நாளைக்குக் காலம்பறதான் வண்டி வரும். உங்க லக்."

கராஜில் கறுப்புப் பைகள் நான்கு. மூன்றாவதில், வாழைப்பழத் தோலுக்கும் காப்பித் தூளுக்கும் இடையே இரண்டு துண்டுகளும் கிடைத்தன. மயில்சாமி நீளத் துண்டைக் குறுக்கே வெட்டியிருந்தார். நல்லவேளையாக வெட்டு இரண்டு வட்டங்களுக்கும் நடுவே போயிருந்தது. ஒன்றில் பத்தாவது ஊற்று, மற்றதில் பதினொன்றாவது. வெள்ளைப் புள்ளிகள் சில உதிர்ந்திருந்தன. காப்பிக் கறையைத் துடைக்கக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை.

கணவர் வரதராஜா வியாழன் முழுதும் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "இஞ்சேரும், வாயால என்னவும் சொல்லும். ஒரு கடதாசியிலையும் கையெழுத்து வையாதையும். உம்மட தம்பி வாசிக்கத் தெரியாத பாஷையில கையெழுத்து வைச்சுத்தானே ரெண்டு வருசம் உள்ள கிடந்தவன். நவம்பரில எங்கட கேஸ்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் பத்மராணி காட்சிக்கூடத்துக்குப் போனார். வந்திருந்த இருவரில் நோராவுக்கு வயது ஐம்பதுக்கு அருகில். கனத்த உடம்பு, மெல்லிய குரல். மற்றவர் மேவிஸ், முப்பத்தைந்து இருக்கலாம். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே பத்மராணி பிற்பாடு தம் மொழியில் சொன்னபடி தரப்படுகிறது.

நோராவின் முன் இரண்டு துண்டுகளையும் விரித்து, "நான்தான் வெட்டினனான்" என்றார்.

நோரா துண்டுகளைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னட்டைச் சொல்லி என்ன? அவவிட்டைச் சொல்லும்."

தீட்டியவர் இவராயிருக்க, இளையவரிடம் ஏன் சொல்லவேண்டும் என்று பத்மராணிக்கு விளங்கவில்லை. அலுவலர் மேவிஸைக் கசின் என்று மட்டுமே சொல்லியிருந்தார். எந்த வழியில் கசின் என்று கேட்டார். மேவிஸின் தாய் நோராவின் தகப்பனுக்குத் தங்கை.

"அப்ப மச்சாள்" என்றார் பத்மராணி தமிழில், தம்மையறியாமல்.

மச்சாள் முறைதான் அவர்கள் குலத்தில் அதிகாரம். தகப்பன் வழியில் நிலம் பெற்றவர் அதைப் பாடலாம், தீட்டலாம். சரியாகத் தீட்டினாரா, எதுவும் விடுபட்டதா என்று பார்த்துச் சொல்லும் காவல், அக்குலத்துப் பெண்ணின் வயிற்றில் பிறந்தவருக்கு உரியது. பிழை நேர்ந்தால் தீட்டியவர் தாமாகத் திருத்தக்கூடாது. காவலரே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

மேவிஸ் முழங்காலில் அமர்ந்து துண்டுகளை முகர்ந்தார்.

"இது என்ன மணம்?"

"கோப்பி. குப்பைப் பையில கிடந்தது."

"எங்கட தண்ணியைக் குப்பையில போட்டனீரோ?"

"ஓம்."

"எத்தனை பேர் தொட்டவை?"

"நான், கடைக்காரர், படம் வாங்கின ஆள். மூண்டு பேர்."

"ஆம்பிளையள் ரெண்டு பேர்." மேவிஸ் உறுமினார். "நீர் வெட்டேக்க இதில ஒண்டும் தெரியேல்லையா? கண் எங்க வைச்சிருந்தனீர்?"

"நடுவில வைச்சிருந்தன். ஓரம் எண்டால் தையலுக்கு விடுற இடம் எண்டு நினைச்சிட்டன்."

"நாங்கள் சுத்தி இருந்து படம் கீறுற ஆக்கள். உமக்கு ஓரம், அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது முன்பக்கம்."

அலுவலர் குறுக்கிட்டு, நியூயார்க்கில் ஒரு வல்லுநர் இருக்கிறார், தடமே தெரியாமல் ஒட்டித் தந்துவிடுவார் என்றார். மேவிஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டினவள் தைக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தைக்கட்டும் என்றார்.

சனிக்கிழமை காலை சட்டம் கழற்றப்பட்டு ஓவியம் தரையில் விரிக்கப்பட்டது. நோரா ஒரு பக்கமும் மேவிஸ் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்தார்கள். மெழுகிட்ட நூலால் பத்மராணி தைத்தார். முதல் ஆறு தையல்கள் ஒரே அளவில் இல்லை என்று மேவிஸ் பிரிக்கச் சொன்னார். நோரா தாழ்ந்த குரலில் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். பாட்டா என்று கேட்கப் பத்மராணிக்குத் துணிவு இல்லை. பகல் இரண்டு மணிக்குத் துண்டுகள் இடத்தில் சேர்ந்தன. உதிர்ந்த புள்ளிகள் இருந்த இடத்தைக் காட்டி, வண்ணம் வைத்துவிட்டால் தையல் தெரியாது என்று பத்மராணி மெல்லச் சொன்னார்.

"தெரியோணும்" என்றார் மேவிஸ். "மறைச்சால் என்ன சொல்லுவினம் தெரியுமோ? சுரங்கக்காரர் கேட்டாப் பிறகு இந்தப் பொம்பிளையள் ரெண்டு ஊற்றைக் கொண்டுவந்து ஒட்டிப்போட்டாளவை எண்டு சொல்லுவினம். தையல் இருக்க வேணும். ஆர் வெட்டினது, எந்த நாள், எந்த ஊரில எண்டும் இருக்க வேணும்." அவர் பத்மராணியை நேராகப் பார்த்தார். "எழுதிக் கையெழுத்து வைப்பீரோ?"

மறுநாள் சொல்வதாகக் கூறிப் பத்மராணி எழுந்தார். கார் நிறுத்தத்தில் காத்திருந்த வரதராஜாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"முடியாது எண்டு சொல்லீட்டு வாரும்."

"தைச்சது மட்டும் காணாதாம். கையெழுத்து இல்லாட்டி அந்தத் தையலே அவைக்குப் பாதகம். முந்தி ரெண்டு ஊற்று காணேல்லை எண்டதோட போயிருக்கும். இப்ப கள்ளப் பத்திரம் எண்டு மிச்ச ஒன்பதையும் தள்ளிப்போடுவினம்."

"எங்களுக்குப் பாதகம் வந்தால் ஆர் வருவினம்? அந்த ரெண்டு பேருமோ?"

"வரமாட்டினம்" என்றார் பத்மராணி.

ஞாயிறு காலை, காட்சி திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, காட்சிக்கூடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துவைத்த வாக்குமூலத்தைப் பத்மராணி நான்கு தடவை வாசித்தார். 'தவறுதலாகச் சேதப்படுத்தினேன்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, வெட்டினேன் என்று போடச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். முதலில் தமிழில் தாம் எழுதுவதாகவும், ஆங்கிலத் தாள் அதன் மொழிபெயர்ப்பாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். தமக்கு முழுதாகத் தெரிந்த மொழியில் இல்லாத எதிலும் கையெழுத்திட முடியாது என்றார். கையெழுத்துக்குச் சாட்சி முத்திரையிட வந்திருந்த சான்றுறுதி அலுவலர் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார்.

தமிழ்த் தாளின் படி பத்மராணியின் கோப்பில் இருக்கிறது. பதினான்கு வரிகள். 'வெட்டுவதற்கு முன் இடப்பக்க ஓரத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. அவற்றை நான் கண்டேன். கண்டும் வெட்டினேன்' என்பது ஒன்பதாம் வரி. இரு தாள்களிலும் முழுப் பெயர், பிறந்த இடம், தேதி. எழுதி முடித்ததும் மேவிஸ் தமிழ்த் தாளை உரக்க வாசிக்கச் சொன்னார். ஒரு சொல்லும் விளங்காத போதும் தலையைக் குனிந்து கடைசி வரை கேட்டார்.

மூன்று வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. காட்சிக்கூடம் தன் அடுத்த வேலைகளை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. மயில்சாமி அதைப் பத்மராணியின் மேசையில் வைத்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் பல நாள் பேசவுமில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வரதராஜா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். குடிவரவு அலுவலகத்தின் முத்திரை இல்லாத உறைகளைக் கண்டால் மூச்சு விட்டார்.

அக்டோபர் 20, மாலை ஏழு மணிக்குக் கடையின் தொலைபேசி ஒலித்தது. அவுஸ்திரேலியாவில் அது மறுநாள் காலை. விசாரணை மன்றம் வரியில் இருந்தது. உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். மயில்சாமி தாமாகவே கடைக் கதவைத் தாழிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் நயமாகவே பேசினார். அந்த ஓரம் வேண்டாத மிச்சம் என்று நீங்கள் நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாத மிச்சத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டு வட்டங்கள் இருந்தன என்பது, பின்னர் அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டு உங்களுக்கு வந்த நினைவுதானே?

பத்மராணி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். உடன் இருந்த மயில்சாமிக்கு எதிர்முனைக் கேள்வி கேட்கவில்லை. பதில் மட்டுமே கேட்டது. ஆங்கிலத்தில் சொன்ன அந்தப் பதிலை அவர் இன்றும் ஆட்களிடம் தம் மொழியில் சொல்லிக்காட்டுவார்.

"இல்லீங்க. நான் முப்பது வருசமாத் துணி வெட்டறவ. வேண்டாததுன்னு நெனைச்சாலும் வெட்டறதுக்கு முந்தி அளவுகோல எங்க வெக்கறதுன்னு பாக்கோணும். நேரா வெச்சா கீழ் வட்டத்தோட விளிம்பு அறுபட்டிருக்கும். அந்தத் துணுக்கு படத்துல நின்னா அசிங்கமா இருக்கும்னு, ரெண்டும் முழுசா வெளிய போற மாதிரி அளவுகோலோட கீழ் முனையக் கால் அங்குலம் உள்ள தள்ளி வெச்சேன். வெட்டின கோடு மத்த பக்கத்துக்கு இணையா இல்ல, கால் அங்குலம் சாய்வு. தையல் மேல இப்ப அளவுகோல வெச்சுப் பாருங்க."

எதிர்முனையில் நாற்காலி நகரும் ஓசை. யாரோ அளவு நாடா கேட்டார்கள். பத்மராணி இடக்கையால் ஸ்டூலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. நான்கு நிமிடங்கள் என்று மயில்சாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார். பிறகு ஒரு குரல் அளவைப் பதிவுக்காக வாசித்தது: மேல் முனையில் நான்கு அங்குலம், கீழ் முனையில் நான்கேகால். வழக்கறிஞர், வேறு கேள்வி இல்லை என்றார்.

வரி துண்டிக்கப்படுவதற்கு முன், மன்றத்தின் உள்ளிருந்து ஒரு பெண் குரல் அனுமதி பெறாமல் இரண்டே சொல் உரக்கச் சொல்லி, உடனே அதட்டப்பட்டது. பத்மராணிக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் விளக்கத் தாளில் பத்துக்கும் பதினொன்றுக்கும் நேரே அந்த இரண்டு பெயர்களையும் வாசித்திருந்தார். குரல் மேவிஸுடையது.